ஜூன் மாதத்தில் நட்ட ரோஜா

ரோஜாச் செடியை இடம் மாற்ற அக்டோபர் கடைசி வாரம்தான் சரியான காலம். இலை பாதிக்கு மேல் உதிர்ந்திருக்கும். மண்ணில் இன்னும் கொஞ்சம் வெதுவெதுப்பு மிச்சம் இருக்கும். செடி தூங்கப் போகிற நேரம் அது, எங்கே தூக்கிப் படுக்கவைத்தாலும் கேள்வி கேட்காது. அந்த வகையில் நீ சரியான நாளில்தான் வந்திருக்கிறாய், ஸ்லாவ்கா. மண்வெட்டிதான் தப்பு. அது உருளைக்கிழங்கு தோண்டுகிற மண்வெட்டி. ஆறாவது மாடியில் தொட்டியில் செடி வளர்க்கிறவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது. அதைச் சுவரில் சாத்திவிட்டு முதலில் உட்கார்.

நாளைக்கு உன் அம்மாவுக்கு நாற்பதாம் நாள். கோதுமை அவித்தாயிற்று, பாதிரியாருக்குச் சொல்லியாயிற்று. பந்தல் ஓரத்து ரோஜாவைப் பெயர்த்து அவள் கல்லறைத் தலைமாட்டில் நடப்போவதாகக் காலையில் சொன்னாய். "அம்மாவுக்குப் புடிச்ச செடிப்பா, அவகூடவே இருக்கட்டும்" என்றாய். நான் ரொட்டியைப் பாலில் நனைத்துக்கொண்டிருந்தேன், தலையை நிமிர்த்தவில்லை. நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய். என் பேசாத வாயை எல்லோரும் எப்போதும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தச் செடியை அங்கே நடக் கூடாது. ஏன் கூடாது என்று சொன்னால், நீ என்னை அப்பா என்று கூப்பிடுவதை நிறுத்திவிடுவாய். ஐம்பது வருஷமாகக் காதில் கேட்கிற பெயர். அது போய்விடும் என்று தெரிந்துதான் பேச ஆரம்பிக்கிறேன். எனக்கு எழுபத்தொன்பது வயசு, இன்னும் எத்தனை நாளைக்கு அந்தப் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறேன் என்றும் நினைத்துப் பார்த்தேன். ஆனால் மனசு அப்படி ஒன்றும் லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. நடுவில் எழுந்து போகாதே. போனால் மறுபடி ஆரம்பிக்க எனக்குத் தெம்பு இருக்காது.

உன்னைப் பெற்றவன் ராச்சோ. அது உனக்குத் தெரிந்ததுதான். அவன் படம் பெரிய அறையில் தொங்குகிறது, நான்தான் சட்டம் போட்டு மாட்டினேன். கூட்டுப்பண்ணை வந்த வருஷம் அவன் நிலத்துக்கு அடியில் பதுங்கியிருந்தான், யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று ஊர் சொல்லும். யார் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்லும். என் பெயரை இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை. காரணம், நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை, ஒரு சாடை, எதுவும் கிடையாது. இது சத்தியம். இதை நினைவில் வைத்துக்கொண்டு மீதியைக் கேள்.

ராச்சோவும் நானும் ஒரே வயசு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே வேலி. ரோஜாப் பைத்தியம் இரண்டு பேருக்கும். நம் பள்ளத்தாக்கில் அப்போதெல்லாம் புதுச் செடி வேண்டுமென்றால், கிழட்டுச் செடியின் கொப்புகளை முழுசு முழுசாக வெட்டி, பள்ளம் எடுத்து, படுக்கப் போட்டு மண்ணைத் தள்ளுவார்கள். பத்துக் கொப்புக்கு மூன்று முளைத்தால் அதிகம். எங்களுக்கு அது அநியாயமாகப் பட்டது. நாங்கள் பூ உதிர்ந்த கொப்பில் சாண் நீளப் போத்தாக நறுக்கி, மணலில் ஊன்றி, ஊறுகாய் ஜாடியைக் கவிழ்த்து மூடிவைத்தோம். ஊரே சிரித்தது. "என்னடா, ரோஜாவுல ஊறுகாயா? தொட்டுக்க எப்பக் குடுப்பீங்க?" என்று வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துக் கேட்டார்கள்.

ஜாடிப் போத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். திறக்கக் கூடாது. குளிர்காலம் முழுக்க அப்படியே கிடக்க வேண்டும். ராச்சோவால் அது முடியாது. "ஒரே ஒரு தடவைடா, வேர் வந்துச்சான்னு பாத்துட்டு மூடிடறேன்" என்று தூக்கிப் பார்ப்பான், போத்து கறுத்துப்போகும். என் ஜாடிகளில் பத்துக்கு எட்டு தழைக்கும். மின்யோவுக்குக் கைராசி என்று சொல்வார்கள். கைராசியும் இல்லை, கால்ராசியும் இல்லை. எனக்குக் காத்திருக்கத் தெரியும், அவ்வளவுதான்.

உன் அம்மா மேல் எனக்கு ஆசை இருந்தது. இதில் சுற்றி வளைக்க என்ன இருக்கிறது. பூப்பறிப்புக் காலத்தில் அவள் எங்கள் வரிசையில்தான் பறிப்பாள், அக்குளில் கூடையும் தலையில் பூவுமாக. அவளுக்கு என்று ஒரு போத்தைத் தனியாகத் தொட்டியில் வளர்த்தேன். முதல் மொட்டு விட்டதும் எடுத்துக்கொண்டு போய்க் கேட்கலாம் என்று இருந்தேன். மொட்டு விடுவதற்கு ஒரு வாரம் முன்னால் ராச்சோ வெறுங்கையோடு வேலி தாண்டிப் போய்க் கேட்டுவிட்டான். அவள் சரி என்றாள். கல்யாணத்தில் நான்தான் மாப்பிள்ளைத் தோழன். நன்றாக ஆடினேன் என்று எல்லோரும் சொன்னார்கள்.

பிறகு கூட்டுப்பண்ணை வந்தது. நிலத்தை எழுதிக்கொடுக்கச் சொன்னார்கள், நான் கொடுத்தேன். ராச்சோ மாட்டேன் என்றான். அதோடு விட்டிருந்தாலும் ஏதோ அடியும் உதையுமாகப் போயிருக்கும். அரசாங்கத்துக்குத் தப்பி மலை தாண்டி ஓடுகிறவர்கள் இரண்டு பேருக்கு ரொட்டி கொடுத்து வழி காட்டிவிட்டான். தேட ஆரம்பித்தார்கள். விறகுக் கொட்டகைக்கு அடியில் அவன் அப்பா காலத்து ஒயின் கிடங்கு ஒன்று இருந்தது, அதற்குள் இறங்கிவிட்டான். பழைய அடுப்பின் புகைக்குழாயை உள்ளிருந்து சாய்வாகச் செருகி, கொல்லையில் ரோஜா வரிசை முடிகிற இடத்தில் தலை நீட்டவைத்தான். மூச்சு விட அது ஒன்றுதான் வழி. குழாய் தெரியாமல் இருக்க, கவாத்து செய்த முள் கொப்புகளை அதன் மேல் குவித்திருந்தார்கள். இது உன் அம்மா யோன்காவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். உனக்கு அப்போது எட்டு மாசம்.

பறிப்பின் கடைசி வாரம், ஒரு திங்கட்கிழமை, உன் அம்மா வேலியோரம் வந்து நின்றாள். உன்னை இடுப்பில் வைத்திருந்தாள்.

"மின்யோ, வெள்ளிக்கிழமை கொல்லையை அளக்க வர்றாங்களாம். முள்ளுக் குப்பையெல்லாம் எரிச்சுடச் சொல்லிட்டுப் போயிருக்கான் பண்ணைக்கார ஸ்தாமென். ஜூன் மாசத்துல எவ வீட்டுல முள்ளு குவிஞ்சு கிடக்குங்கறான்."

"எரிச்சா குழாய் தெரியுமே."

"அதுக்குத்தான் வந்தேன். அந்த இடத்துல ஒரு செடியை நட்டுடலாம்னு ராச்சோ சொல்றான். எனக்கு அதெல்லாம் வராது. நீதான்ப்பா கதி, வேற யார்கிட்டப் போய் நிப்பேன்?"

நட்டுவிடலாம் என்றேன். அந்த நேரம் என் மனசில் கெட்டது எதுவும் இல்லை. இதை நீ நம்ப வேண்டிய அவசியமில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு நட்டோம். விடிகாலையில் பறித்த பூவை எடை போட ஊர் முழுக்க ரோஜாத் தைலம் காய்ச்சுகிற கொட்டகை வாசலில் வரிசையில் நிற்கிற நேரம் அது. தெருவில் நாய்கூட இருக்காது. ரோஜாச் செடியைப் பெயர்க்க அதைவிட மோசமான நேரமும் கிடையாது, வெயில் மண்டையைப் பிளந்தது. வரிசையின் நடுவிலிருந்து இடுப்புயரச் செடி ஒன்றைக் கிளப்பினேன். வேரைச் சாணிக் கரைசலில் முக்கி, குழாயைச் சுற்றிப் பள்ளம் எடுத்து, குழாய் வாய் அடைபடாமல் கல் அடுக்கி நட்டேன். வேலை சுத்தமாக இருந்தது. கொப்புகளை வெட்டவில்லை. இலை இருந்தால்தான் குழாய் மறையும் என்று யோன்கா சொன்னாள், நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

புதன்கிழமை மத்தியானமே செடி வாட ஆரம்பித்தது. உன் அம்மா ஓடி வந்தாள். "தலை தொங்குதே மின்யோ, ரெண்டு வாளி ஊத்தட்டுமா?" என்றாள். வேண்டாம், வேர் அழுகிவிடும், முதல் இரண்டு நாள் அப்படித்தான் இருக்கும் என்றேன். அவள் போய்விட்டாள். என் பேச்சை அவள் அவ்வளவு நம்பினாள். அன்று மாலை நான் சாப்பிட உட்கார்ந்தேன். வேலி தாண்டிப் போய் ஒரு வாளி ஊற்றவில்லை. ஊற்றியிருக்கலாம். பத்து அடி தூரம்.

வெள்ளிக்கிழமை நாலு பேர் வந்தார்கள். அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடிக்க உள்ளூர் ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள், போனேன். தலைவன் ஸ்தாமென். நகரத்து ஆளாக இருந்திருந்தால் எதுவும் நடந்திருக்காது. வாடிய செடியைப் பார்த்து வாடிய செடி என்று நினைத்துக்கொண்டு போயிருப்பான். ஸ்தாமென் எங்களோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், அவன் அம்மா ரோஜா வரிசைக்குள்ளேயே அவனைத் துணியில் சுற்றிக் கிடத்திவிட்டுப் பறித்தவள். நம் ஆட்கள் கண்ணில் ஒரு செடி தப்பாது. கொல்லைக் கோடியில் அவன் நின்றான். மற்ற செடிகள் பச்சையாக நின்றன, இது ஒன்று மட்டும் இலை கருகி, மொட்டெல்லாம் கவிழ்ந்து நின்றது.

"ஏன்டா மின்யோ, ஜூன் மாசத்துல எவன்டா ரோஜா நட்டது?"

அவனுக்குச் சொல்ல என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. வெள்ளைப் புழு, ஸ்தாமென். வேரைத் தின்றுவிட்டது. அந்த வருஷம் ஊரில் எங்கே பார்த்தாலும் புழுதான், பாதி வரிசைகள் அப்படித்தான் வாடிச் செத்தன. நான் சொன்னால் அவன் நம்பியிருப்பான். ரோஜா விஷயத்தில் நான் சொன்னால் அந்த ஊரில் எவனும் நம்புவான். உன் அம்மாவும் அதை எதிர்பார்த்துத்தான் என் முகத்தைப் பார்த்தாள். நான் அளவு நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

ஸ்தாமென் குனிந்து ஒரு கையால் இழுத்தான். வேர் பிடிக்காத செடி, முள்ளங்கி மாதிரி கையோடு வந்துவிட்டது. குழாய் தெரிந்தது. அவன் கோபப்படவில்லை, கத்தவும் இல்லை. மண்டி போட்டுக் குழாய்க்குள் வாயை வைத்து, நண்பனைக் கூப்பிடுகிற குரலில்தான் பேசினான். "டேய் ராச்சோ, பறிப்பு முடிஞ்சுபோச்சுடா. வெளிய வா, உன் பொண்டாட்டி காபி போட்டு வெச்சிருக்கா, ஆறிடும்" என்றான். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். கொட்டகைக்குள் விறகு சரிகிற சத்தம் கேட்டது.

ராச்சோ மரத்தூள் தலையோடு வந்தான். வெளிச்சத்துக்குக் கண் கூசியது. யோன்கா உன்னைத் தூக்கிக்கொண்டு அவனிடம் ஓடினாள், இரண்டு பேர் மறித்துக்கொண்டார்கள். அவன் முதலில் அவளைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த செடியைத்தான் பார்த்தான். குனிந்து ஒரு கொப்பின் நுனியை இரண்டு விரலில் பிடித்துப் பார்த்தான், பிறகு இன்னொன்றை. வெட்டு வாயைத் தேடினான். எந்தக் கொப்பிலும் வெட்டு இல்லை. அப்புறம் என்னைப் பார்த்தான். வையவில்லை, துப்பவில்லை. பிறகு உன் பக்கம் திரும்பி உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அதற்குள் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் முன்னால் சொன்னதில் ஒரு இடத்தைத் திருத்த வேண்டும். கொப்புகளை வெட்ட வேண்டாம் என்று யோன்கா சொல்லவில்லை. அப்படி அவள் சொன்னதாக எனக்கு நானே பல வருஷம் சொல்லிப் பழகிவிட்டது, அதனால் வாயில் வந்துவிட்டது. செடியைக் கிளப்பின உடனே அவள் கத்தரியை என்னிடம் நீட்டினாள். "எல்லாத்தையும் ஒரு சாண் விட்டுட்டு வெட்டணுமாம், இலையெல்லாம் உருவிடணுமாம், அப்பத்தான் வாடாதாம். சுத்தி வைக்கோல் போட்டாக் குழாய் தெரியாதாம். ராச்சோ சொல்லி அனுப்பினான்" என்றாள். அவன் சொன்னதுதான் சரி. இலையோடு இருக்கிற செடியை வெயிலில் பெயர்த்தால் வெட்டியே தீர வேண்டும், வேர் குடிக்கிற தண்ணீர் அவ்வளவு இலைக்குப் போதாது. வெட்டி வைக்கோல் போட்ட குட்டைச் செடி எல்லோர் கொல்லையிலும் ஒன்றிரண்டு நிற்கும், நோய் கண்ட செடிக்கு அப்படித்தான் செய்வார்கள். எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான்.

நான் கத்தரியை வாங்கிக்கொண்டேன். செடியைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன். வெயிலில் முகம் சிவந்து, கழுத்தில் வேர்வையோடு, மேலாடையை முடிந்துகொண்டு நின்றாள். அந்த நிமிஷத்தில்தான் அது வந்தது. வேறு எப்போதும் இல்லை. "அவன் ஜாடியைத் திறந்து பாக்கறவன், அவன் பேச்சை விடு. வெட்டினாக் குழாய் பல்லை இளிச்சுக்கிட்டுத் தெரியும். இலையோட இருக்கட்டும்" என்றேன். அவள் சிரித்தாள். கத்தரியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

இரண்டு மூன்று வருஷம் உள்ளே வைப்பார்கள், அப்புறம் விட்டுவிடுவார்கள் என்று நினைத்ததாக ரொம்ப காலம் சொல்லிக்கொண்டேன். யோசித்துப் பார், விட்டுவிடுவார்கள் என்றால் எனக்கு அதில் என்ன லாபம். அவன் திரும்பி வரக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அவனைத் தெருக்கோடி வரை நடத்திக்கொண்டு போனார்கள். ஊர் முழுக்க வாசலில் வந்து நின்றது, உன் அம்மா தலைவிரி கோலமாகப் பின்னாலேயே ஓடினாள். கொல்லையில் நான் ஒருத்தன்தான். தரையில் அந்தச் செடி கிடந்தது. நுனியெல்லாம் கருகியிருந்தாலும் அடிக்கொப்பு இன்னும் பச்சையாக இருந்தது. நான் என் கத்தரியை எடுத்து, பச்சை இருந்த இடங்களில் சாண் சாணாக நறுக்கி, வாளித் தண்ணீரில் போட்டேன். பத்தொன்பது போத்து. அவள் அலறுவது கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு வெட்டும் கணுவுக்குக் கீழே சாய்வாக, விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. வாளி ஊற்றாத அந்தப் புதன்கிழமை மாலையைவிட, ராச்சோவின் பார்வையைவிட, எனக்கு இப்போது அருவருப்பாக இருப்பது இந்தப் பத்தொன்பது வெட்டுதான்.

ஜாடிக்குக் கீழே நாலு பிழைத்தன. அடுத்த வசந்தத்தில் அதில் நல்லதாக ஒன்றை எடுத்துக்கொண்டு வேலி தாண்டிப் போனேன். "ராச்சோவோட செடிதான். சாகவிட மனசு வரல" என்றேன். அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். முள் குத்தி ரவிக்கையில் ரத்தம் வந்தது. உலகத்திலேயே நல்லவன் நீதான் மின்யோ என்றாள். இந்தப் பந்தல் ஓரத்தில் நட்டோம். இரண்டாவது வருஷம் கல்லுடைக்கிற முகாமிலிருந்து காகிதம் வந்தது, நெஞ்சடைத்துச் செத்தான் என்று. உடலைத் தரவில்லை. அவன் சட்டையையும் தொப்பியையும் பெட்டியில் வைத்துப் புதைத்தோம். குழி தோண்டினதும் நான்தான். அதற்கு இரண்டு வருஷம் கழித்து அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். உனக்கு ஐந்து வயசு நெருங்கியிருந்தது. கல்யாணத்தன்று நீயாகவே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

நான் உன்னை நன்றாக வளர்த்தேன். இதை ஒரு கணக்காகச் சொல்லவில்லை. உனக்கு அம்மை கண்டபோது பதினோரு நாள் உட்கார்ந்தபடி தூங்கினேன், அது நிஜம். அதுவும் நிஜம், இதுவும் நிஜம். எது எதை அழிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

உனக்குப் பதினொரு வயசு நடக்கும்போது பண்ணையில் ரோடு அகலப்படுத்தினார்கள். ஜூலை மாசத்தில் நாற்பது செடியை மாற்ற வேண்டி வந்தது. தோட்டக்கலை படித்த பெண் ஒருத்தி நகரத்திலிருந்து வந்து எல்லோரையும் நிற்கவைத்துப் பாடம் எடுத்தாள். ஒரு சாண் விட்டு வெட்ட வேண்டும், இலையை உருவ வேண்டும், வைக்கோல் போட வேண்டும். நம் கெனா இருந்தாளே, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாள். "ஐய, இதைக் கத்துக்குடுக்க நீ எதுக்கும்மா வந்த? எங்க மின்யோ பத்தொம்பது வயசுலயே செஞ்சான். தேவாலயத்து முத்தத்துல பூக்கற நேரத்துல பதினோரு செடி. எல்லாத்தையும் மொட்டையடிச்சு நட்டான், ஒண்ணுகூட வாடலையே" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். யோன்கா சிரிக்கவில்லை. குனிந்து இலையை உருவிக்கொண்டிருந்தாள், கை மட்டும் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மறுபடி உருவினாள்.

அன்றைக்கு மொச்சை சூப் வைத்திருந்தாள். எனக்கு ஊற்றிவிட்டு, உட்காராமல் நின்றபடியே கேட்டாள்.

"தேவாலயத்துச் செடியெல்லாம் எந்த வருஷம் மாத்துன?"

ராச்சோ போன பிறகு என்று சொன்னேன். பொய். கெனா வயசைச் சொல்லிவிட்டாளே, அதைக்கூட யோசிக்காமல் சொன்னேன்.

"ம்" என்றாள். உப்பு போதுமா என்று கேட்டாள். போதும் என்றேன். அதற்கப்புறம் நாற்பத்து மூன்று வருஷத்தில் அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. நானும் அவளுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

இது அம்மாவுக்குப் பிடித்த செடி என்கிறாய். கொஞ்சம் நினைத்துப் பார். பறிப்புக் காலத்தில் வீடெல்லாம் பூவாக இருக்கும், மேஜையில், சாமி படத்துக்கு, உன் பள்ளிக்கூடப் பையில்கூட. அதில் ஒன்றாவது இந்தச் செடிப் பூவா? தண்ணீர் ஊற்றுவாள், உரம் போடுவாள், வாடின பூவைக் கிள்ளி எறிவாள். ஒரு பூவை வீட்டுக்குள் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை. ஏன் என்று நானும் கேட்டதில்லை.

கடைசி நாள் நீ பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாய். நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். அம்மா கடைசியாக ஏதாவது சொன்னாளா என்று வாசலிலேயே கேட்டாய், ஒன்றும் சொல்லவில்லை என்றேன். சொன்னாள். மத்தியானம் போல் கண்ணைத் திறந்து, தன்னை ராச்சோவின் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னாள். அதை மட்டும் என் யோசனை போலச் சொல்லிச் செய்யவைத்தேன், ஊரும் நியாயம்தான் என்றது. அந்தப் பக்கத்தில் இனி எனக்கு இடம் இல்லை, நீ கவனித்திருப்பாய். அப்புறம் இந்தப் பந்தல் பக்கம் பார்த்தாள்.

"மின்யோ, அந்த ரோஜாவை மட்டும் என் தலைமாட்டுல நட்டுடாதே."

ஏன் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை.

"அங்க ராச்சோ இருக்கான். மறுபடியும் அவனுக்கு மூச்சு முட்ட வேணாம்."

காய்ச்சலில் பிதற்றினாள் என்று நாற்பது நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஸ்லாவ்கா. அவள் அதைச் சொல்லும்போது என் கை அவள் நெற்றியில்தான் இருந்தது. காய்ச்சல் இல்லை.